எழுத்துமூலமாகக் கேளுங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைத்தமாநிதியைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

வைத்தமாநிதி பொதுப்பணித் துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் சொந்த வீடு, அடையாறில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுகள், பாலவாக்கத்தில் கடல் தெரிகிற மனை. நான் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கைசர் ஜஹான் என்ற சொந்தப் பெயரிலேயே அவ்வப்போது கதை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் ஒரே ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கிறோம். மாதாமாதம் லஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடிப் போண்டா சாப்பிட்டுவிட்டு அரசாங்கத்தைத் திட்டுவோம்.

போன கூட்டத்தில் யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். வசதியான ஓய்வூதியர்களுக்கு இனி அகவிலைப்படி உயர்வு கிடையாதாம். யார் வசதியானவர், யார் இல்லை என்று வீடு வீடாக வந்து விசாரிக்கப் போகிறார்களாம். (அப்படி ஒரு திட்டம் நிஜத்தில் இல்லை, கதைக்காக நான் செய்தது. தயவுசெய்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். எங்கள் சங்கத்தில் ஏற்கனவே பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு.)

வைத்தமாநிதி எழுந்து நின்றார்.

"என்ன மேடம் இது, அநியாயமா இருக்கு. நம்மாத்துக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பாப்பாளாமா? பீரோ எத்தனைன்னு எண்ணுவாளாமா? ஆயுசு பூரா உழைச்சு வாங்கற பணம் இது. பிச்சையா போடறா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். [இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.] வீட்டுக்குத் திரும்பும்போது, ஆட்டோவில்தான், சுருக்கென்றது. என் கணவர் நூர் முஹம்மதுவும் அரசு ஊழியர். அவர் போன பிறகு அவருடைய குடும்ப ஓய்வூதியமும் எனக்கு வருகிறது. என்னுடையது தனி. தி. நகரில் மாமனார் விட்டுப்போன கடையின் வாடகை வேறு. வசதியான ஓய்வூதியர் என்று யாராவது படம் போட்டால் மூக்குக்கண்ணாடி மாட்டி என்னைத்தான் போடவேண்டும்.

ஆனால் கதை என்று வந்தால் அடுத்தவரைக் கிண்டல் செய்வதுதானே சுலபம்.

2

தொடக்கங்கள்.

"அதிகாரி அழைப்பு மணியை அழுத்தியபோது பொறியாளர் தன் தங்கக் காசுகளைப் பட்டுத்துணியில்—" வேண்டாம். சினிமா வில்லன் மாதிரி இருக்கிறார். வைத்தமாநிதியிடம் இருப்பதெல்லாம் வங்கி வைப்புநிதி.

"ஓய்வூதியம் என்பது ஒத்திவைக்கப்பட்ட ஊதியமா, அல்லது முதுமைக்கு அரசு தருகிற பாதுகாப்பா? முதலாவது என்றால் பணக்காரருக்கும் அது உரிமை. இரண்டாவது என்றால் தேவை இல்லாதவருக்கு எதற்கு? இந்தக் கேள்வியை மூன்று கோணங்களில்—" வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். கடைசி பெஞ்சு தூங்கிவிட்டது.

"சார், உங்களுக்குப் பையன் இருக்கானா? சோறு போடறானா?"

இது பிடித்திருந்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் ஏழைகளிடம் கேட்கிற கேள்விகளை ஓர் அதிகாரி அப்படியே வைத்தமாநிதியின் வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்கிறார். அவ்வளவுதான் கதை. படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், கொஞ்சம் நெளிவார்கள், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கேள்விகள் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்களைப் போன்றவர்களிடம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: உயிரோடு இருக்கிறீர்களா? மஸ்டரிங் என்று சொல்வோம். நேரில் போய் நின்று விரலை வைத்தால் முடிந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன், பழைய சிநேகிதிகளைப் பார்ப்பேன், தேனாம்பேட்டையில் காபி குடித்துவிட்டு வருவேன். உயிரோடு இருப்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அதனால் முத்தம்மாவைக் கேட்டேன்.

3

முத்தம்மா என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

(இல்லை. தேய்க்கவில்லை. அவள் பெயர் முத்தம்மாவும் இல்லை. ஏன் இப்படி உளறுகிறேன் என்பது இந்தப் பகுதி முடிவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

முன்பு என் வீடு இருக்கிற மந்தைவெளியிலேயே கால்வாய் ஓரம் குடியிருந்தாள். அந்த வீடுகளை இடித்த பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து விடிவதற்கு முன் பஸ் பிடித்து வருகிறாள். முழங்கால் வீங்கியிருக்கும். அவளுக்கு முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மறுபடி மனு போட்டிருக்கிறாள், விசாரணைக்கு வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"முதல் தடவை உன்னை என்னல்லாம் கேட்டாங்க முத்தம்மா?"

"இன்னாத்த கேப்பாங்க டீச்சரம்மா. புள்ள கீறானா, சோறு போட்றானான்னு கேப்பாங்க. கீறான், போடலன்னேன். ஏன் போடலன்னு என்னிய கேக்குறாங்க. அத்த அவனத்தான கேக்கணும்? டிவி கீதே, யார் வாங்கினதுன்னாங்க. மூக்குத்தி தங்கமான்னு கிட்ட குனிஞ்சி பாத்தாங்க. அப்பால அக்கம்பக்கத்துல கேப்பாங்க, இது எங்கனாச்சும் வேலைக்குப் போவுதான்னு."

நான் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். மூக்குத்தி அருமையான விவரம். வைத்தமாநிதி மனைவியின் வைர மூக்குத்தியை அதிகாரி குனிந்து பார்க்கிற காட்சி அப்போதே மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எதுக்கு இத்தெல்லாம் எழுதிக்கினு கீற?"

"ஒரு கதைக்கு."

"என் பேரப் போடாத. நான் இங்க வர்றதப் போடவே போடாத. வேலைக்குப் போவல, ஆதரவு இல்லன்னுதான் சொல்லிக்கீறேன். தெரிஞ்சா மறுபடி குடுக்கவே மாட்டாங்க. ஒரே தடவ நின்னதுக்கே நான் பட்ட பாடு போதும்."

வேலைக்குப் போனால் நிஜமாகவே தரமாட்டார்களா என்று விசாரித்தேன். ஒருவர் ஆமாம் என்றார். ஒருவர் அதெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றார். இன்னொருவர் வருகிற ஆளைப் பொறுத்தது என்றார். யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தெரியாததுதான் அவளைப் பிடித்து ஆட்டுகிறது.

அன்றிலிருந்து அவளை மறைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒரு பிரதியில் அவளைப் பூக்காரி ஆக்கினேன். ஒன்றில் இஸ்திரி போடுகிற ஆணாக்கினேன். என் மகள் மஹ்விஷ் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மி, மீசை வெச்சா மட்டும் ஆம்பளை ஆயிடுவாங்களா? பேசறது பூரா முத்தம்மாதான். நம்ம தெருவுக்கே தெரிஞ்சிடும்."

"அதிகாரிங்க எங்கே கதை படிக்கிறாங்க?"

"ரிட்டயர் ஆனா படிப்பாங்க," என்றாள் அவள்.

அடித்து அடித்து எழுதி, கடைசியில் முத்தம்மாவை முத்தம்மாவாகவே விட்டுவிட்டேன். இது புனைவு, நம்பாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

4

இந்த இடத்தில் பொறியாளர் வீட்டுக்கு அதிகாரி வரும் காட்சி வரவேண்டும். வைர மூக்குத்தி, ஃபிரிட்ஜ், எல்லாம் தயாராக இருந்தது. "அதிகாரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேனாவை—" என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

ஒரு பெண் குரல். களைத்த, மரியாதையான குரல்.

"வணக்கம் மேடம். முதியோர் உதவித்தொகை விசாரணைக்காகப் பேசறேன். முத்தம்மான்னு ஒருத்தங்க உங்க வீட்ல வேலை செய்யறாங்கன்னு அவங்க பக்கத்து வீட்ல சொன்னாங்க, இந்த நம்பரும் குடுத்தாங்க. செய்யறாங்களா? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க மேடம். இன்னிக்கே முடிச்சிடுவேன். பாவம், வயசானவங்க."

பாருங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள் அந்தப் பெண். ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எதுவா இருந்தாலும் எழுத்துமூலமாக் கேளுங்க. பதில் தர்றேன்."

அந்தக் குரல் என்னுடையதே இல்லை. துறைத் தலைவர் கைசர் ஜஹானின் குரல். அரசு வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குப் பழகிவிடுகிற வாக்கியம் அது. தணிக்கைக்கு வந்தவர் கேட்டாலும், மேலிடத்திலிருந்து யார் கேட்டாலும், வாயால் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லக்கூடாது. சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம்.

அவள் என் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "சரிங்க மேடம், அனுப்பறேன்," என்றாள். குரல் மாறியிருந்தது. வாயோடு போயிருக்கவேண்டியதை நான் கோப்பாக்கிவிட்டேன். இனி அவள் நினைத்தாலும் சும்மா விடமுடியாது.

சில நாளில் பதிவுத் தபால் வந்தது. மேற்படி முத்தம்மா என்பவர் தங்கள் இல்லத்தில் பணிபுரிகிறாரா என்று கேட்டிருந்தது. கையெழுத்திட்டுப் பதில் தரவேண்டும்.

யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் யாரைக் கிண்டல் செய்யப் புறப்பட்டேனோ அவருக்கே ஃபோன் போட்டேன்.

"வாயால இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே மேடம்," என்றார் வைத்தமாநிதி. "எதுக்கு எழுத்துல கேக்கச் சொன்னேள்?"

"வாயில தானா வந்துடுச்சு சார்."

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றார் அவர். "ஒண்ணு மட்டும் கேளுங்கோ. பொய்யா எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுடாதீங்கோ. நம்ம பென்ஷனுக்கு ஏதாவது வந்துடப் போறது."

"அப்படியெல்லாம் நிறுத்துவாங்களா சார்?"

"யாருக்குத் தெரியும்? ஆத்துக்காரி படுத்த படுக்கையா இருக்கா. பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தின்னு ஆள் வெச்சுண்டிருக்கேன். மனையெல்லாம் பசங்க பேர்ல. அவாகிட்டப் போய்க் கையேந்தறதுக்கு நான் போயே சேந்துடலாம். அதான் அன்னிக்கு மீட்டிங்ல அப்படிக் கத்தினேன்."

(இங்கேதான் வைத்தமாநிதி என் கையை விட்டுப் போனார். வில்லனாக வைத்திருந்தவருடைய குரல் நடுங்குகிறது. அதற்காக அவரை நல்லவராக்கி அழவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஃபிளாட்டுகளும் வாடகையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதிகாரி அவர் வீட்டு சோபாவில் உட்காரும் காட்சியை இனி என்னால் எழுதமுடியாது. அதைக் கிழித்துவிட்டேன்.)

ஃபோனை வைத்த பிறகு நான் நினைத்தது முத்தம்மாவை அல்ல, என் ஓய்வூதியத்தை. ஒரு பொய்க் கையெழுத்துக்காக அதை நிறுத்துவார்களா, பாதியாகக் குறைப்பார்களா, குடும்ப ஓய்வூதியம் மட்டும் தப்புமா என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டிய நாட்களில்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். பதிலை எழுதாமல் இருப்பதற்காக எழுதுகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

5

முடிவுகள்.

அ. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். முத்தம்மாவுக்குப் பணம் வந்துவிடுகிறது. நான் ஒவ்வொரு முறை அழைப்பு மணி அடிக்கும்போதும் தபால்காரரோ என்று எழுந்து ஓடுகிறேன். மஸ்டரிங்கில் விரல் வைக்கும்போது கை வியர்க்கிறது. துணிச்சல்காரி என்று நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள். நான் துணிச்சல்காரி இல்லை என்பதுதான் இந்த முடிவின் குறை.

ஆ. "ஆம்" என்று எழுதுகிறேன். உண்மை. உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு என் இரண்டு ஓய்வூதியங்களையும் வாங்கிக்கொண்டு, முத்தம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் எப்படிப் போய்வருவது என்று—

இதை முடிக்கத் தெரியவில்லை.

இ. அந்தப் பணத்தை நானே மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உங்களுக்கும் இந்நேரம் தோன்றியிருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை, பணக்கார ஓய்வூதியரின் பணத்தில் கொஞ்சம் ஏழைக்குப் போகிறது, அரசாங்கம் செய்யாததை நாமே செய்துவிட்டோம் என்ற திருப்தியும் உண்டு. எழுதுவதற்கு முன் முத்தம்மாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு இதைச் சொல்லிப் பார்த்தேன்.

"நீ எத்தினி வருசம் குடுப்ப டீச்சரம்மா?"

"நான் இருக்கிற வரைக்கும்."

"அப்பால?"

மஹ்விஷ் தருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். மஹ்விஷ் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகும் யோசனையில் இருக்கிறாள். சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காத," என்றாள் முத்தம்மா. "நீ நல்லவதான். ஆனா இன்னிக்கு என்னோட ஒரு சண்ட வந்தா நாளைக்கு நிறுத்திருவ. மாட்டேன்னு சொல்லாத, எல்லா வூட்லயும் பாத்துட்டேன். அந்த துட்டு அப்டி இல்ல. நான் படுத்துட்டாலும் பேங்க்கு ஆளு மிசினு எடுத்துக்கினு வூட்டாண்ட வருவான். யாரு வாயையும் பாக்க வாணாம்."

நானும் அதற்காகத்தானே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

6

இது கதை இல்லை, இன்று காலை. பதிலுக்கு இன்றுதான் கடைசி நாள்.

முத்தம்மா வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டே கேட்டாள்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"இல்லன்னு எழுதினா உன் பென்சனுக்கு எதுனா ஆயிடுமா?"

"தெரியல முத்தம்மா."

"பயமா கீதா?"

"பயமாத்தான் இருக்கு," என்றேன். இதையாவது பொய் சொல்லாமல் சொன்னேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவமாகப் பார்த்தாள். இரண்டு ஓய்வூதியமும் கடை வாடகையும் வாங்குகிற என்னைப் பார்த்து, பாவம், இவளுக்கு இன்னா கஷ்டமோ என்கிற மாதிரி.

"அப்ப ஒண்ணு பண்லாம்," என்றாள். "நாளிக்கிலேர்ந்து நான் வர்ல. வேலை செய்யலன்னு எழுதிக் குட்துடு. பொய் இல்லல்ல?"

"சம்பளத்துக்கு என்ன பண்ணுவே?"

"இன்னும் எத்தினி நாளிக்கி இந்த முட்டிய வெச்சிக்கினு பஸ்சு ஏறுவேன்? எப்டியும் வுடப்போற வேலைதான. கொஞ்சம் முன்னாடி வுடறேன். அந்த துட்டு போச்சின்னா மறுபடி வராது."

"நான் மாசாமாசம் ஏதாவது—"

"வாணாம். அது எப்டினா தெரிஞ்சி, அதுவும் வருமானம்னுவாங்க. உனக்கும் மறுபடி கடுதாசி வரும், எனக்கும் ரோதன." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். "தொட்டி நெறைய பாத்திரம் கீது. இத்த மட்டும் தேச்சிட்டுப் போறேன்."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொன்னால், பொய்யை நான் எழுதியாக வேண்டும். வந்த வாய் மூடிக்கொண்டது. என் ஓய்வூதியத்தை நான் காப்பாற்றிக்கொள்வதற்காக அவள் தன் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறாள். அதை அவள் ஒரு கொடுக்கல் வாங்கலாகக்கூட நினைக்கவில்லை. டீச்சரம்மாவுக்கு ஒரு உதவி, அவ்வளவுதான்.

(சீர்திருத்தம் பற்றி எழுத வந்தவள் நான். வசதியானவர்களிடமிருந்து கொஞ்சம் எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். என் வீட்டில் இன்று காலை அது எந்தப் பக்கமாக நடக்கிறது என்று பாருங்கள்.)

7

பதில் எழுதிவிட்டேன். "முத்தம்மா என்பவர் என் இல்லத்தில் பணிபுரியவில்லை." தேதி போட்டுவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

சமையலறையில் குழாய் ஓடுகிறது. அவள் அதை மூடிவிட்டு வெளியே போகும்வரை இந்த வாக்கியம் பொய். அதற்குப் பிறகு உண்மை. உண்மையானதும் நான் கையெழுத்துப் போடலாம், என்னை யாரும் எதுவும் கேட்கமுடியாது. இந்தக் கதையும் அங்கே முடிந்துவிடும். அந்த முடிவை எழுத எனக்குக் கை வரவில்லை.

அதற்கு முன்பே எழுந்து, சமையலறை வாசலில் போய் நின்று, நாளைக்கும் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வேறு கதை. அதற்கு இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். நானும் எழுந்திருக்கப் பார்க்கிறேன்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் எழுந்திருப்பீர்களா? அவசரமாக ஆமாம் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கும் ஏதாவது வந்துகொண்டிருக்கும், அது நின்றுவிடுமோ என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எழுந்திருப்பீர்கள் என்றால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் எப்போதும் குக்கரைக் கடைசியில்தான் கழுவுவாள். இப்போது குக்கரைக் கழுவுகிறாள்.